போதும் என்று சொல்ல ஓர் ஆள்

டார்ச் லைட் மஞ்சளடித்துச் சோர்ந்ததும், உள்ளேயிருந்த இரண்டு பேட்டரிகளையும் உருவி வற்றலோடு வற்றலாக மாடி வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்பப் போட்டு, இன்னும் இரண்டு நாள் எரிகிறதே என்று பூரித்த வீடுகளில் உங்கள் வீடும் ஒன்றாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என்னுடையது.

அதைவிடப் பெரிய சந்தோஷம், டிராக்டர் பேட்டரியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சார்ஜ் போடும் கடைக்குப் போவது. ஆசிட் தெறித்துச் சட்டையெல்லாம் பொத்தலான அந்த அண்ணன், ஆறு மூடிகளையும் திருகித் திறந்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கம்பியை மாட்டுவார்; சோடாவைப்போல் குமிழி கிளம்பும்; பக்கத்தில் யாரையும் பீடி பற்றவைக்க விடமாட்டார். மறுநாள் காலை ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் உறிஞ்சி, மிதவை 1250-ஐக் காட்டியதும் கம்பியைக் கழற்றி, "போதும் தம்பி, எடுத்துட்டுப் போ" என்பார்.

அந்தக் குரல் போன மாதம் ஞாபகத்துக்கு வந்தது. என் அண்ணன் மகன் பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த மூன்று லித்தியம் செல்களை வரிசையாகச் சேர்த்து, கார் பேட்டரிக்கான சார்ஜரில் நேராக மாட்டியிருந்தான். கைவிரல் நீளம்தான் ஒவ்வொன்றும். 4.2 வோல்ட்டில் ஒரு செல் நிறைந்துவிடும், மூன்றுக்கும் சேர்த்து 12.6, அந்த சார்ஜரோ 14.4 வரை தள்ளும். அளவு மீறினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், நேர்முனையிலிருந்து ஆக்சிஜன் கிளம்பும், நடுவிலுள்ள திரவமோ தீப்பிடிக்கும் ஜாதி. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பயம் உண்டு.

மறுநாளே பி.எம்.எஸ். என்கிற பச்சை சர்க்யூட் பலகையை வாங்கிக் கொடுத்தேன். தீப்பெட்டி அளவுதான்; ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து, நிறைந்ததும் கம்பியைக் கழற்றும் அந்தக் கடை அண்ணனின் வேலையை அதுதான் செய்கிறது. லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜரும் வந்தது.

உங்கள் பிள்ளைகளும் இப்படிச் செல் சேர்த்துக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டும் இல்லாமல் சார்ஜ் போட விடாதீர்கள். உப்பிய செல்லைத் திரும்ப ஏற்றாதீர்கள். தூங்கும் அறையிலும் வாசற்படி ஓரத்திலும் சார்ஜ் வேண்டவே வேண்டாம்.