தென்னூரில் ட்வீட் கோட்டு

கே: ஸ்காட்லாந்தில் வேலைக்குப் போகும் மகனுக்கு இங்கேயே ட்வீட் கோட்டு தைத்துக் கொடுக்கலாமா? (தென்னூர் வாசகி)

ப: தாராளமாக. கம்பளித் துணி என்பதால், தைத்ததைப் போட்டுப் பார்ப்பது மட்டும் மார்கழி விடியற்காலையில் நடக்கட்டும்.

கே: அந்தத் துணியில் அப்படி என்ன விசேஷம்? (தில்லைநகர் மாணவர்)

ப: நிறம்தான். ரோமத்துக்கே முதலில் சாயம் ஏற்றி, பல நிற ரோமங்களைக் கலந்து, பிறகுதான் நூற்பார்கள். எட்ட நின்றால் பழுப்பு. கிட்டே போனால் அதே இழைக்குள் பச்சை, மஞ்சள், செம்மண். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கே: தைக்க எப்படி இருக்கும்? (தென்னூர் டெய்லர்)

ப: டெரிகாட்டனோடு மல்லுக்கட்டிய கைக்கு இது விருந்து. நீராவியும் இஸ்திரிப்பெட்டியும் பட்டால் கம்பளி சுருங்கும், விரியும். தோளில் கை ஏற்றும்போது மிச்சத் துணி சுருக்கமே தெரியாமல் அடங்கும். வெட்டுமுன் நீராவி காட்டிவிடுங்கள். மீன்முள் கோடு போட்ட ஹெரிங்போன் என்றால் முதுகுத் தையலில் கோடு பொருந்த வேண்டும்; துணி கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள்.

கே: ஹாரிஸ் ட்வீட் ஏன் அந்த விலை? (ஸ்ரீரங்கம் வாசகர்)

ப: வேலையும் சட்டமும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே சாயமிட்டு, நூற்று, தீவுவாசி தன் வீட்டில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயர். 1993-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கென்றே சட்டம் போட்டது. படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை. உங்கள் பக்கத்து உறையூரை எண்ணிப் பாருங்கள்: முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளஸ், அர்காரு என்ற ஊரின் மஸ்லினைச் சொல்கிறது, அது உறையூர் என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கே இன்று தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. நம்மிடமும் 1985-இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் உண்டு. அது துணி வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்குகிறது. நெசவாளரின் ஊரும் வீடும் அதில் இல்லை. இருக்க வேண்டும்.

கே: தமிழ்நாட்டில் ட்வீட் ஆடு உண்டா? (புத்தூர் வாசகர்)

ப: சொந்தக்காரர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து பிறந்தது நீலகிரி ஆடு. செவியட், ஸ்காட்லாந்து எல்லை மலைகளின் ஆடு. ட்வீடுக்குக் கம்பளி தந்த இனம். உதகை அருகே சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டைப் பேணுகிறார்கள்.

கே: சித்திரையில் ரிசப்ஷன். ட்வீட் போடலாமா? (உறையூர் மாப்பிள்ளை)

ப: வேண்டாம். லினன் எடுங்கள், பாதி லைனிங் போதும். மணப்பெண்ணுக்கு உறையூர்ச் சேலை.

கே: தாத்தாவின் ட்வீட் கோட்டைப் பூச்சி அரிக்கிறது. (ஸ்ரீரங்கம் வாசகி)

ப: வியர்வைக் கறையோடு மடித்து வைத்தால் அந்துப்பூச்சிக்குக் கொண்டாட்டம். பிரஷ் போட்டு, டிரை கிளீன் செய்து, காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். ஓட்டையைத் தென்னூர் டெய்லரிடம் காட்டுங்கள். உள்மடிப்பிலிருந்து இழை உருவி இழையோட்டினால் ட்வீடில் ஒட்டு தெரியாது.