மிச்சம் இருந்தால் ஒரு லட்சம்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. மூடையை இறக்கு, காயைக் கொட்டு, ஏலம் விடு, கமிஷனைக் கழி, காசை வாங்கு, டீயைக் குடி, வீட்டுக்குப் போ. விலையைக் கேட்டுச் சில நாள் நெஞ்சு அடைக்கும், அது வேறு கதை. கணக்கு மட்டும் சட்டுபுட்டென்று தீர்ந்துவிடும். இந்த மார்க்கெட் ஆள் ஒருவரை 1813இல் லண்டனுக்குக் கப்பல் ஏற்றியிருந்தால், இந்திய உயர்கல்விக்கு முழுசாகப் பத்து வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அந்த வருஷம்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிப்புக்கு வந்தது. இருபது வருஷத்துக்கு ஒருமுறை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கம்பெனியைக் கூப்பிட்டு, திட்டி, மறுபடியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பும். 1813 சாசனத்தின் 43ஆவது பிரிவில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சங்கதியை நுழைத்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்கி, இந்தியாவின் இலக்கியத்தை மேம்படுத்த வேண்டும், கற்றவர்களை ஊக்குவிக்க வேண்டும், அறிவியலையும் பரப்ப வேண்டும். இந்தியாவில் அரசாங்கக் கல்வி மானியத்தின் பிறந்த நாள் இதுதான். கேக் வெட்டலாம்.

வெட்டுவதற்கு முன்னால் அதே பிரிவின் இன்னொரு வரியைப் படித்துவிட வேண்டும். படைச் செலவு போக, நிர்வாகச் செலவு போக, வியாபாரச் செலவு போக, வாங்கின கடனுக்கு வட்டியும் போக, அப்புறம் வருமானத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால்தான் அந்த லட்சம். கம்பெனியைத் தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வாக்குறுதி கிடையாது என்பது புரியும். 1814இல் நேபாளத்தில் யுத்தம், 1817இல் மராட்டியரோடு யுத்தம். மிச்சமாவது, சொச்சமாவது!

அந்த வருமானத்தில் எங்கள் பக்கத்துப் பங்கும் இருந்தது. பக்கத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் 1750களில் நவாபோடும் கம்பெனியோடும் மல்லுக்கட்டினார். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள். 1801இல் மிச்ச மீதிப் பாளையங்களையும் ஒடுக்கினார்கள். அதற்கப்புறம்தான் இந்தச் சீமையில் கிஸ்தி வசூல் சுகப்பட்டது. இத்தனை சிரமப்பட்டு வசூலித்ததை வாத்தியார் கையில் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

1814 ஜூன் 3ஆம் தேதி லண்டனிலிருந்து கம்பெனி டைரக்டர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். பண்டிதர்கள் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்வது நல்ல வழக்கம், அவர்களுக்குப் பட்டம், மரியாதை எல்லாம் கொடுங்கள், சில பேருக்கு வேண்டுமானால் கொஞ்சம் பணமும் கொடுங்கள் என்பது அதன் சாரம். சிக்கனமான ஆட்கள். பட்டத்துக்குச் செலவு காகிதமும் மையும்தானே. அதே கடிதத்தில் இந்தியக் கிராமத்துப் பள்ளிகளுக்கு ஒரு பாராட்டும் இருந்தது. இங்குள்ள போதனா முறைதான் டாக்டர் பெல் மூலமாக இங்கிலாந்துக்குப் போய் அங்கே நடக்கிறதாம்.

இந்தப் பெல் சங்கதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்தினார். ஒரு நாள் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரு வாத்தியாரை வைத்தே நூறு பேரைச் சமாளிக்கலாம் என்று அவருக்குப் பொறி தட்டியது. நம் ஊரில் அதற்குச் சட்டாம்பிள்ளை முறை என்று பெயர். 1797இல் அவர் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்து முழுக்க ‘மெட்ராஸ் முறை’ என்று பரவியது. பெல் பெரிய மனிதராகி, செத்தபின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானார். மணலில் எழுதிய பிள்ளைகளுக்கு ராயல்டி வரவில்லை. ஆக, இந்தியக் கல்வியை மேம்படுத்த இங்கிலாந்து ஒரு லட்சத்தைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தின் கல்வியை மேம்படுத்தத் திண்ணைப் பள்ளி தன் மானியத்தை ஓசையில்லாமல் கொடுத்து முடித்திருந்தது. பயன்பாட்டுச் சான்றிதழ்கூடக் கேட்கவில்லை.

சென்னை ராஜதானிக்குக் கவர்னராக வந்த தாமஸ் மன்றோ கொஞ்சம் வேறு மாதிரி ஆள். எதற்கும் முதலில் கணக்கெடு என்பார். 1822இல் எல்லாக் கலெக்டர்களுக்கும் ஓலை பறந்தது: உன் ஜில்லாவில் எத்தனை பள்ளி, எத்தனை கலாசாலை, யார் யார் படிக்கிறார்கள், சாதிவாரியாக எழுதி அனுப்பு. திருநெல்வேலி உட்படக் கலெக்டர்கள் எழுதி அனுப்பினார்கள். கனரா ஜில்லாக் கலெக்டர் மட்டும், இங்கே கலாசாலையே கிடையாது, கணக்கெடுத்தால் நேரம்தான் வீண் என்ற தோரணையில் பதில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். அரசாங்கப் படிவத்தை நிரப்ப மறுத்த அந்த மகானுக்கு ஒவ்வொரு கல்லூரி ஆபீஸ் ரூமிலும் படம் மாட்ட வேண்டும்.

கணக்கு வந்து சேர்ந்ததில் 12,498 பள்ளிகள். ஜனத்தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. கம்பெனியின் தம்பிடி இல்லாமலே இத்தனை நடந்துகொண்டிருந்தது. 1826 மார்ச்சில் மன்றோ திட்டம் போட்டார். ஜில்லாவுக்கு இரண்டு கலெக்டர் பள்ளி, வாத்தியாருக்கு மாசம் 15 ரூபாய். தாலுகாவுக்கு ஒரு தாசில்தார் பள்ளி, ராஜதானி முழுக்க 300, வாத்தியாருக்கு 9 ரூபாய். புத்தகச் சங்கத்துக்கு மாசம் 700. கூட்டிப் பார்த்தால் மாசம் 4,000, வருஷம் 48,000. மளிகைச் சிட்டை மாதிரி சுத்தமான பட்ஜெட். 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் மன்றோவைக் காலரா கொண்டுபோயிற்று. லண்டன் சரி சொல்லிக் கொஞ்சம் பள்ளிகள் திறந்தார்கள். 1836இல் அவற்றையும் இழுத்து மூடினார்கள். மன்றோவுக்குச் சென்னையில் குதிரைமேல் சிலை இருக்கிறது. குதிரைக்குச் சேணம் இல்லை என்று காலங்காலமாக ஊர் பேசுகிறது. சேணத்துக்கு நிதி ஒதுக்கியிருப்பார்கள், மார்ச் 31க்குள் பில் போயிருக்காது.

நிற்க, கல்கத்தாவுக்குப் போவோம். 1823இல், அதாவது சட்டம் வந்து பத்து வருஷம் கழித்து, அந்த லட்சத்தைச் செலவழிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டியில் இருந்தவர்களுக்கு சமஸ்கிருதத்திலும் அரபியிலும் தீராக் காதல். உடனே கல்கத்தாவில் ஒரு சமஸ்கிருதக் கல்லூரி என்றார்கள். ராஜா ராம்மோகன் ராய், எங்களுக்குக் கணிதமும் வேதியியலும் உடற்கூறும் வேண்டும், இலக்கணத்தை வைத்து இன்னும் எத்தனை நாள் மாரடிப்பது என்ற பொருள்படக் கவர்னர் ஜெனரலுக்கே கடிதம் எழுதினார். கடிதம் கோப்பில் போய்ச் சேர்ந்தது. கல்லூரி 1824இல் திறந்தது. பயனாளியின் கருத்தைக் கேட்டு, ஃபைலில் வைத்து, நினைத்ததையே செய்யும் மரபுக்கு வயசு இருநூறு ஆகிவிட்டது.

கமிட்டிக்கு அச்சடிப்பதில் தனி ஆர்வம். அரபியிலும் சமஸ்கிருதத்திலும் புத்தகமாக அடித்துத் தள்ளினார்கள். மூன்று வருஷத்தில் இதற்கு ஆன செலவு சுமார் 60,000 ரூபாய். விற்று வந்தது ஆயிரம்கூட முழுசாக இல்லை. 23,000 பிரதிகள் கிட்டங்கியில் தூங்கின. இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள், கொடுக்கிற வேகத்தைவிட அடிக்கிற வேகம் அதிகம். பல்கலைக்கழகப் பதிப்புத் துறைகளின் குடோனை எட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது.

இந்தக் கணக்கையெல்லாம் நமக்குச் சொன்னவர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. 1834 ஜூனில் சென்னைக் கரையில்தான் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் ஊட்டிக் குளிரில் இருந்ததால், மெக்காலேயைப் பல்லக்கில் வைத்து மலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் நம் ஆட்கள். தூக்கிப் போன தோள்களின் மொழியில் ஒரு வார்த்தை படிக்காமலே, 1835 பிப்ரவரி 2ஆம் தேதி அந்தப் பேர்போன கல்விக் குறிப்பை எழுதினார். ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரிக்கு இந்தியா, அரேபியா மொத்தமும் ஈடாகாது என்றார். கம்பனும் வள்ளுவரும் அந்த அலமாரிக்குப் போட்டியிட விண்ணப்பமே போடவில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஆனால் மனுஷன் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர், கணக்கை நோண்டத் தெரிந்தவர். சமஸ்கிருதக் கல்லூரியின் பழைய மாணவர்கள் ஒரு மனு கொடுத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் படித்தோம், சான்றிதழ் இருக்கிறது, சோற்றுக்கு வழியில்லை, சர்க்கார் ஏதாவது பார்த்துச் செய்ய வேண்டும். மெக்காலே இதைப் பிடித்துக்கொண்டார். கெடுதல் செய்ததற்கு நஷ்டஈடு கேட்டு மனு வரும், ஓசியில் படிக்க வைத்ததற்கு நஷ்டஈடு கேட்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நக்கலடித்தார். அந்த மனுவை இன்றைக்குப் புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் வைத்தால், மதியத்துக்குள் ஒரு குயர் கையெழுத்து சேரும். பாதிக்கு மேல் இன்ஜினியர்கள்.

அவருடைய இன்னொரு வாதம் இன்னும் கூர்மை. அரபி படிக்கிறவனுக்கு நாம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறோம், ஆங்கிலம் படிக்கிறவன் நமக்குக் காசு கொடுக்கிறான். காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தப் படிப்பு எதற்கு? இதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 7ஆம் தேதி பெண்டிங்க் தலையாட்டினார், லட்சம் ஆங்கிலப் பக்கம் சாய்ந்தது. கல்கத்தா முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அப்புறம் கவர்னர் ஜெனரலாக வந்த ஆக்லாந்து அரபி, சமஸ்கிருதப் பக்கத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கொடுத்துச் சண்டையை அமர்த்தினார். இருபத்தைந்து வருஷத் தத்துவப் போர், கடைசியில் ரூபாயில் சமாதானமானது.

சென்னைக்காரர்கள் 1839இல் எங்களுக்கும் உயர்கல்வி வேண்டும் என்று சுமார் 70,000 கையெழுத்தோடு மனு கொடுத்தார்கள். 1841இல் ஒரு உயர்நிலைப் பள்ளி வந்தது. பல்கலைக்கழகம் வர 1857 செப்டம்பர் 5 ஆயிற்று. அதன் முதல் பட்டதாரிகள் இரண்டு பேரும், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், யாழ்ப்பாணத்துக்காரர்கள். மனு போட்டது நாங்கள், பட்டம் வாங்கியது கடல் தாண்டி வந்தவர்கள். கல்கத்தாவின் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருவர் பங்கிம் சந்திரர். அந்த இரண்டு பேரும் ஒரு பாடத்தில் கோட்டை விட, ஏழு மார்க்குக்குள் கருணை மார்க் போட்டுக் கரையேற்றினார்கள். தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்றும் கலை, பல்கலைக்கழகத்தின் முதல் பரீட்சையிலேயே முதிர்ச்சி அடைந்துவிட்டது.

இடையில், 1854இல் லண்டனில் கம்பெனியை மேய்த்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் சார்லஸ் வுட் நூறு பத்திகளில் ஒரு அறிக்கை அனுப்பினார். மானிய உதவி என்ற ஏற்பாடே அதிலிருந்துதான். நீ பள்ளியோ கல்லூரியோ நடத்து, பொறுப்பான நிர்வாகத்தை வை, இன்ஸ்பெக்டரை உள்ளே விடு, பிள்ளைகளிடம் கொஞ்சமாவது கட்டணம் வாங்கு, அப்புறம் சர்க்கார் உதவும். கேட்க நியாயமாக இருக்கிறது. கட்டடமும் ஆளும் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் யார்? திருநெல்வேலிச் சீமையில் மிஷனரிகள்தான். பாளையங்கோட்டை செழித்தது, தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேரும் வாங்கியது. புளியங்குடிக்காரன் அங்கே போய்ப் படிக்க வண்டி கட்ட வேண்டியிருந்தது. 1904இல் வைஸ்ராய் கர்சன் பிரபு பல்கலைக்கழகங்களுக்கு வருஷம் 5 லட்சம், ஐந்து வருஷத்துக்கு என்று அறிவித்தார். கூடவே ஒரு சட்டமும் வந்தது, செனட்டில் சர்க்கார் நியமிக்கிற ஆட்கள் நிரம்பினார்கள். பணத்தோடு சேர்ந்து நாற்காலியும் வரும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டோம்.

சுதந்திரம் வந்தது. 1953 டிசம்பரில் மௌலானா ஆசாத் பல்கலைக்கழக மானியக் குழுவைத் தொடங்கிவைத்தார், 1956இல் அதற்குச் சட்டம். 1972இல் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், இப்போது அதற்குப் பேர் 12பி. கல்லூரி ஆட்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு வரும். நிலம், கட்டடம், ஆசிரியர், இணைவு எல்லாம் சரியாக இருந்தால்தான் 12பி. 12பி இருந்தால்தான் மத்திய மானியம். மானியம் வந்தால்தான் கட்டடமும் ஆசிரியரும். முன்னேற உதவி வேண்டுமானால், முன்னேறிவிட்டு வா என்பது விதி. 1994இல் தர மதிப்பீட்டுக்கு நாக் வந்தது. குழு வரப்போகிறது என்றால் எந்த ஊர்க் கல்லூரியிலும் பெயின்ட் வாசனை அடிக்கும், பூந்தொட்டி லாரியில் வரும், வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த லைப்ரரி அலமாரிக்குச் சாவி கிடைக்கும்.

மானியம் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், 2017இல் மத்திய அரசு ஹெஃபா என்று ஒரு கம்பெனியைத் தொடங்கியது. இனி மத்திய உயர்கல்வி நிறுவனங்களின் கட்டடத்துக்குக் கடன்தான், தவணையில் திருப்ப வேண்டும். கூட்டாளி யார் தெரியுமா? கனரா வங்கி. 1822இல் கணக்கே அனுப்பாத ஜில்லாவிலிருந்து வந்த வங்கி, கணக்கை இப்போது வட்டியோடு பார்க்கிறது.

புளியங்குடிக்குக் கல்லூரி இத்தனை தூரம் சுற்றித்தான் வந்தது. 1990இல் திருநெல்வேலிக்கு மனோன்மணியம் சுந்தரனார் பெயரில் பல்கலைக்கழகம், அப்புறம் அதன் கிளையாக டி.என். புதுக்குடியில் மனோ கல்லூரி. மார்க்கெட்டில் காய் பொறுக்கிப் போடுகிற அக்காவின் மகள் பி.காம் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் மாதிரியே அந்தத் திட்டம் தொடங்கியதும் ஒரு செப்டம்பர் 5தான், 2022இல். காசு கொடுத்து ஆள் பிடிக்கிற படிப்பு என்று ஓரமாக வைத்தோமே, மெக்காலே வாதப்படி இது வீண் செலவு. “அந்த ஆயிரத்துலதாம் அண்ணாச்சி நோட்டு, செருப்பு, பரீட்சை ஃபீஸ் எல்லாம்” என்கிறாள் அவள் அம்மா. மெக்காலே இன்னொரு குறிப்பு எழுதுவதானால் எழுதட்டும். இந்த மாசப் பணம் அக்கவுன்ட்டில் ஏறின பிறகு எழுதட்டும்.