ஊசிக்காது அப்படியேதான் இருக்கிறது

கே: கடவுளுக்கும் காசுக்கும் சேர்ந்தாற்போல ஊழியம் செய்ய முடியாது என்கிறது வேதம். காசில்லாமல் கரண்ட் பில் எப்படிக் கட்டுவது? (வாலாஜாபாத்)

ப: கட்டுங்கள், தேதி தவறாமல் கட்டுங்கள். காசை வேலைக்காரனாக வைத்துக்கொள்ள இயேசு தடை போடவில்லை. முதலாளியாக்காதே என்றுதான் சொன்னார். அவருடைய சீடர் கூட்டத்திலும் பணப்பை இருந்தது. அதைத் தூக்கியவன் பெயர் யூதாஸ்.

கே: பணக்காரர் பரலோகம் போவதைவிட ஒட்டகம் ஊசிக்காதில் நுழைவது எளிது என்றாரே இயேசு; அந்த ஊசிக்காது எருசலேமில் இருந்த சின்ன வாசலாம். ஒட்டகம் மண்டியிட்டு நுழையுமாம். பிரசங்கத்தில் கேட்டேன், உண்மையா? (உத்திரமேரூர்)

ப: அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. பணக்காரர் நோகாமல் நுழையட்டும் என்று பிற்காலத்தார் கட்டிக்கொடுத்த வாசல் அது. இயேசு சொன்னது தைக்கிற ஊசி, நிஜ ஒட்டகம். மனிதரால் ஆகாதது கடவுளால் ஆகும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஊசியை ஏன் இழுத்துப் பெரிதாக்குகிறீர்கள்? ஒட்டகம் சுமையை இறக்கட்டும்!

கே: சகேயு பாதிச் சொத்தோடு தப்பிவிட்டார். இயேசுவிடம் வந்த பணக்கார இளைஞனிடம் மட்டும் மொத்தமும் கேட்டது ஓரவஞ்சனை இல்லையா? (வாலாஜாபாத்)

ப: சகேயுவிடம் யாருமே கேட்கவில்லை, தானாகக் கொடுத்தார். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னார். வரிவசூல்காரர் அவர். பாதியைக் கொடுத்து, நாலு மடங்கையும் அடைத்த பிறகு கையில் என்ன மிஞ்சியிருக்கும்? கூட்டிப் பாருங்கள்.

கே: கார் வந்தால் ஆசீர்வாதம், சைக்கிளிலேயே போனால் விசுவாசக் குறைவு என்கிறார் கூட்டம் நடத்த வந்த ஊழியர். (சாலவாக்கம்)

ப: இரவல் கழுதையில் எருசலேமுக்குள் போனாரே ஒருவர், அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பார் என்று கேட்டு எழுதுங்கள்.

கே: எளிமையைப் போதித்த மிஷனரிகள் எல்லாரும் பங்களாவாசிகள்தானே? (செங்கல்பட்டு)

ப: பங்களாவாசிகள் இருந்தார்கள். 'எல்லாரும்' என்றால் ஓரியூர் ஒப்புக்கொள்ளாது. அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ, லிஸ்பன் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவர். மறவர் சீமையில் காவி உடுத்திச் சைவச் சோறு சாப்பிட்டார். 1687-இல் ஐரோப்பா போனபோது, இங்கேயே இருந்துவிடுங்கள் என்றார் போர்ச்சுகல் அரசர். 1690-இல் திரும்பி வந்துவிட்டார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டது.

தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1779-இல் ஹைதர் அலியிடம் தூது போனார். வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த 300 ரூபாய் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தூது போய் வந்தவர்களில் எத்தனை பேர் பையை இப்படிக் காலி செய்தார்கள்?

கே: 'சோத்துக் கிறிஸ்தவன்' என்று என் தாத்தாவைக் கேலி செய்தார்கள். மண்ணாசையை விடு என்கிறார் போதகர். எங்களுக்கு அரைக்காணிகூடக் கிடையாது. எதை விடுவது? (பழையசீவரம்)

ப: ஐயா, அந்தப் பிரசங்கம் விலாசம் மாறி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. விற்றுக் கொடு என்று இயேசு சொன்னது வைத்திருந்தவனிடம். பசித்தவர்களை உட்காரச் சொல்லி அப்பம் கொடுத்தார்.

உங்கள் ஊர் பழைய செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் பறையர் மக்கள் மனைகூடச் சொந்தமில்லாமல் பண்ணையடிமையாகக் கிடந்ததைக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரு, வெஸ்லியன் சபையின் வில்லியம் கவுடி ஆகிய பாதிரிமார்களும் நிலம் கேட்டு அரசாங்கத்தை நெருக்கினார்கள். 1892-இல் ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம்; வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறியது. மீட்கக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். ஒரு பெயர் வேதத்திலிருந்து வந்தது, மற்றது திருப்பதியிலிருந்து. கேட்டது ஒரே நிலம்.

இதை மண்ணாசை என்பவர் நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதையை இன்னொரு முறை படிக்கட்டும். தகப்பன் வழி நிலத்தைத் தரமாட்டேன் என்றவனைக் கொன்று ராஜா பிடுங்கிக்கொண்டான். தீர்க்கதரிசி எலியா யாரிடம் போய்ச் சத்தம் போட்டார்?

கே: இருந்தாலும், ஆதாயத்துக்காகத்தானே மதம் மாறுகிறார்கள்? (காஞ்சிபுரம்)

ப: ஆதாயக் கணக்கையே போடுவோம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பெரும்பாலும் இந்துக்களுக்கே பட்டியல் சாதித் தகுதி தந்தது. சீக்கியர் அனைவரும் 1956-இல் சேர்ந்தார்கள், பௌத்தர் 1990-இல். கிறிஸ்தவரான தலித் இன்னும் வெளியேதான் நிற்கிறார். ஆதாயம் தேடுகிறவன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான், சார்.

கே: எங்கள் சபையில் கோபுரத்தை இன்னும் உயர்த்த நன்கொடை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (பழையசீவரம்)

ப: பாலாற்றைத் தாண்டித் திருமுக்கூடல் பெருமாள் கோயிலுக்கு ஒரு நடை போய் வாருங்கள். 15 படுக்கை, வைத்தியர், அறுவை செய்பவர், மருந்துப் பட்டியல் என்று 11-ஆம் நூற்றாண்டு ஆதுலர் சாலையின் செலவுக் கணக்கு முழுக்கச் சுவரில் இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது. அண்டை வீட்டாரிடம் நல்லதைக் கற்றுக்கொள்வதில் வேதத்துக்கு விரோதம் எதுவுமில்லை. எத்தனை அடி கோபுரம் என்று கேட்ட கமிட்டியிடம் எத்தனை படுக்கை என்றும் கேளுங்கள்.

கே: காணிக்கைக் கணக்கைக் கேட்டால் 'விசுவாசமில்லாதவன்' என்கிறார்களே? (உத்திரமேரூர்)

ப: உத்திரமேரூர்க்காரரா இப்படிப் பயப்படுவது? கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய சொந்தக்காரர்களும் குடவோலைத் தேர்தலுக்கு நிற்கக்கூடாது என்று உங்கள் ஊர்க் கல்வெட்டு சொல்லி 1,100 ஆண்டு ஆகிறது. மச்சானையும் விடவில்லை!

கே: முதியோர் பென்ஷன்தான் எனக்கு வருமானம். தசமபாகம் கொடுக்க முடியவில்லை. உறுத்துகிறது. (திருமுக்கூடல்)

ப: அம்மா, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பீர்களே, பிடியரிசிக் கலயத்தில்? அப்படிச் சேர்ந்த அரிசியில்தான் பல சபைகளில் உபதேசியார் வீட்டு அடுப்பு எரிந்தது. நீங்கள் மாத்திரையைத் தவறாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். உறுத்த வேண்டியவர்களின் பட்டியல் நீளம். அதில் உங்கள் பெயரைக் காணோம்.

கே: அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் 2,000 ரூபாய்க்குப் போனது. வீண் ஜம்பம்தானே? (சாலவாக்கம்)

ப: எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாரா, மறுபடி ஏலத்துக்கே கொடுத்தாரா? இரண்டாவது என்றால் அவருக்கு என் கும்பிடு. முதலாவது என்றாலும் கோபப்படாதீர்கள். கூட்டு வைக்கும் நாளை விசாரித்துப் போய்விடுங்கள்.