கஞ்சி ஆறட்டும் மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. வரப்புல நின்னு போன்ல கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. "ரைசோபியமெல்லாம் சும்மா, போட்டுப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல"ன்னு. நடக்காதுதான். செத்தது எப்படி நடக்கும்?

போன தை மாசம் திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நெல்லு அறுக்க ஒரு வாரம் இருக்கையில, ஈரத்துல உளுந்து தெளிக்கணும்னு கெளம்புன. டெப்போவுல வாங்குன 200 கிராம் ரைசோபியம் பொட்டலத்தை வண்டி டேங்க் மேல வச்சு உச்சி வெயில்ல ஊரைச் சுத்துன. அடுப்புலேர்ந்து எறக்குன கஞ்சியில கொட்டிக் கிளறுன. போதாதுன்னு பூஞ்சாண மருந்தையும் சேத்துப் பெசஞ்ச. விருந்தாளிய வாசல்லயே வெந்நி ஊத்தி வரவேத்துட்டு, பந்தியில ஆளைக் காணோமேன்னு தேடுற.

அப்பவே சொல்லலாமேங்கிறியா? நீ கேட்டியா?

அது வெறும் பொடி இல்ல மாப்ளே, உசுருள்ள பாக்டீரியா. கஞ்சி நல்லா ஆறணும். விதையில பூசி நிழல்ல அரை மணி நேரம் ஒலத்தி, 24 மணி நேரத்துக்குள்ள தெளிச்சிடணும். பூஞ்சாண மருந்து வேணும்னா முந்தின நாளே முடிச்சிக்க. பொட்டலத்துல தேதி போட்டிருக்கும், பாரு. முகூர்த்தத்துக்கு நாள் பாக்குறவன் இதுக்கும் பாக்கலாம். நெல்லுக்குன்னு வாங்குன அசோஸ்பைரில்லம் மிச்சம் கெடக்குதுன்னு உளுந்துல தடவாத. அது வேருல முடிச்சுக் கட்டுற சாதி இல்ல.

காத்துல நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். செடியால அதை அப்படியே எடுத்துக்க முடியாது. உரம் பண்ற ஆலைக்காரன் 400 டிகிரிக்கு மேல சூடேத்தி, பயங்கரமா அமுக்கித்தான் அதைப் பிடிக்கிறான். இந்த ரைசோபியம் பய உளுந்து வேருல முடிச்சுக்குள்ள குடிசை போட்டு, நம்ம வயக்காட்டுச் சூட்டுலயே பிடிச்சிடுறான். கூலி, செடி குடுக்குற சக்கரை. பெயரிங்க்னு ஒரு டச்சுக்காரர் 1888லயே அவனை முடிச்சுக்குள்ளேர்ந்து பிரிச்செடுத்தாராம். பேத்தி படிச்சுச் சொன்னா.

நீயோ உளுந்துக்கும் யூரியாவை வாரி எறைக்கிற. மாமியார் வீட்டுல மூணு வேளையும் சோறு வந்தா எவன் வேலைக்குப் போவான்? (உன்னைச் சொல்லல.) மண்ணுல நைட்ரஜன் மிஞ்சிக் கெடந்தா செடி முடிச்சுக் கட்டவே மெனக்கெடாது.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன். வருஷா வருஷம் உளுந்து போட்ட வயல்ல அவனோட பங்காளிங்க முன்னாடியே குடியிருப்பாங்க. அங்க சரியாப் போட்டாலும் பெரிசா வித்தியாசம் தெரியாமப் போகலாம். ஆனா நீ சரியாப் போட்டுட்டா பேசுற?

இந்தத் தடவை பூ வைக்கிற நேரத்துல ஒரு செடிய மண்ணோட தோண்டி எடு. வெடுக்குன்னு பிடுங்குனா முடிச்செல்லாம் மண்ணுலயே தங்கிடும். அலசிட்டு, ஒரு முடிச்சை நகத்தால கீறிப் பாரு. உள்ள ரோஸ் நெறமா இருந்தா ஆளு வேலையில இருக்கான். வெளுத்துக் கெடந்தா தண்டச்சோறு. எந்த நெறம்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டு, அப்புறமா போனை எடு.