பிரசவ அறையில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை?

இந்த வாரம் பொன்னமராவதி வட்டாரத்துக் கேள்விகள் மட்டும். எல்லாமே பிள்ளைப்பேறு பற்றியவை என்பதால் மற்ற ஊர்க்காரர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு பிள்ளையையும் வீட்டுலயே பெத்தவ நான். இப்ப என் மருமகளை மாசாமாசம் ஊசி, ஸ்கேன்னு அலைய விடுறாக. எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?
— ஒரு மாமியார், காரையூர்

இல்லை. பிரசவத்தில் போய்ச் சேர்ந்த பெண்ணின் கதை ஊருக்கு ஊர் இருந்ததும் அந்தக் காலத்தில்தான். நாலும் நல்லபடியாகப் பெற்றீர்கள், மகிழ்ச்சி அம்மா. ஆனால் பிழைத்தவர்தானே கதை சொல்ல முடியும்? போனவர்களுக்காகக் கணக்குதான் பேச வேண்டும். 2001–03ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிள்ளை பிறந்தால் 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20ல் அது 54. மருமகளை நர்சம்மாவிடம் நீங்களே கூட்டிப் போங்கள்.

134 எப்படி 54 ஆச்சு? ஆஸ்பத்திரி கட்டினால் போதாதா, இதில் ஆராய்ச்சி எங்கே வந்தது?
— கல்லூரி மாணவர், பொன்னமராவதி

சாவு வீட்டுக்குள்ளிருந்து வந்தது, தம்பி. 1990களிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு தாய் இறந்தால் அதை அதிகாரிகள் தனியாக ஆராய்கிறார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை; வீட்டுக்காரர்களிடமும் கேட்கிறார்கள். வலி எப்போது கண்டது? போகலாம் என்று யார் முடிவெடுத்தார்கள்? வண்டி கிடைக்க எவ்வளவு நேரம்? போன இடத்தில் டாக்டர் இருந்தாரா, ரத்தம் இருந்ததா? யாரைத் தண்டிக்கலாம் என்று தேடுகிற விசாரணை இல்லை இது. எந்தக் கட்டத்தில் நேரம் வீணானது என்று தேடுகிறது.

பதில்களை மாவட்டம் மாவட்டமாக அடுக்கினால் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியும். ராத்திரியில் ஆளில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறைவைத்து மூன்று நர்சுகள். ரத்தமும் அறுவைச் சிகிச்சையும் எட்டவில்லை என்றால் அதற்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் அவசர மகப்பேறு மையங்கள். வண்டியில்லை என்றால் 2008லிருந்து 108. தமிழ்நாடு வந்த இந்த வழியை உலக சுகாதார நிறுவனம் 2009ல் தனிப் புத்தகமாகவே போட்டது. கட்டடம் எல்லா மாநிலத்திலும் கட்டினார்கள். ஒவ்வொரு சாவையும் விடாமல் கேள்வி கேட்டதுதான் இங்கே வித்தியாசம் என்பது என் முடிவு.

பிள்ளை பிறந்து அழுதாச்சு, எல்லாரும் மிட்டாய் வாங்கப் போயாச்சு. அதுக்கப்புறமும் தாய் உயிருக்கு ஆபத்து உண்டா?
— ஆட்டோ ஓட்டுநர், கொப்பனாபட்டி

உண்டு. பெரிய ஆபத்தே அந்த நேரத்தில்தான். நஞ்சுக்கொடி விழுந்த பிறகு கர்ப்பப்பை இறுகாவிட்டால் உதிரம் நிற்காது. நல்ல ஆரோக்கியமானவளையும் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். இங்கிருந்து புதுக்கோட்டை சுமார் 40 கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எவ்வளவு ரத்தம் போனது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் காலங்காலமாகச் சொன்னார்கள். கர்நாடகத்து பெலகாவியில் ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அதை அளந்து பார்க்கத் துணிந்தார்கள். பிரசவத்தின்போது அடியில் விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நடுவில் ஒரு பை, பையில் அளவுக்கோடு. அளந்தால், கண் சொன்ன கணக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது! கைதேர்ந்தவர்களின் கண்ணே ஏமாந்திருக்கிறது. அந்த வட்டாரத்துக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2006ல் வந்தது. பிரசவமானதும் மிசோபிரோஸ்டால் மாத்திரை கொடுத்தபோது, உதிரப்பெருக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆக இறங்கியது.

அளவுப்பையின் கதை அங்கே முடியவில்லை. 2023ல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். பையை வைத்து அளந்து, அளவு தாண்டியதும் வயிற்றைப் பிசைந்துவிடுவது, மருந்து, டிரிப்பு, பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான உதிரப்போக்கு, அதனால் அறுவை, சாவு ஆகிய மூன்றும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தது. புது மருந்து ஒன்றுமில்லை. பழைய மருந்துகள், ஒரு பை, ஒரு ஒழுங்கு. டிரனெக்சாமிக் அமிலம் என்ற ஊசியும் அப்படித்தான்: 20,000 பெண்களிடம் நடந்த சோதனை 2017ல் சொன்னது, ரத்தம் போகத் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் உதிரப்போக்குச் சாவில் மூன்றில் ஒன்றைத் தடுக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது, பிள்ளை அழுத பிறகும் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைப்பது.

மகளுக்கு 39 வாரத்துல தேதி. ஜோசியர் 37ஆம் வாரத்துல ஒரு நட்சத்திரம் குறிச்சிருக்கார், ராஜயோகமாம். சிசேரியன் வச்சுக்கலாமா?
— ஒரு தகப்பனார், பொன்னமராவதி

பிறந்த நேரத்தை வைத்து ஜாதகம் எழுதினார்கள் நம் முன்னோர். ஜாதகத்தை எழுதிவைத்துவிட்டுப் பிள்ளையை அதற்குள் இழுப்பது நம் காலத்து வேலை. வேண்டாம் ஐயா.

காரணம் கேட்பீர்கள். முன்பே சிசேரியன் ஆனவர்களுக்கு நாள் குறித்துச் செய்த 13,000க்கும் மேற்பட்ட சிசேரியன்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2009ல் வெளியிட்டார்கள். 39ஆம் வாரத்தோடு ஒப்பிட்டால், 37ல் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல், சர்க்கரை இறங்குதல், தீவிர சிகிச்சை போன்ற தொல்லைகள் இரு மடங்கு. 38ல் எடுத்தாலும் ஒன்றரை மடங்கு. நுரையீரல் பக்குவப்படுகிற கடைசி நாட்கள் அவை. தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து, இப்போதே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அது வேறு. அப்போது ராகுகாலம்கூடப் பார்க்காதீர்கள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019–21ல் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் பிரசவம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. இந்தியா முழுவதற்கும் 21.5தான். இத்தனை பெண்களுக்கும் கத்தி தேவைப்பட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. "எதற்காக?" என்று டாக்டரிடம் கேட்கிற உரிமை உங்கள் மகளுக்கு உண்டு.

குங்குமப்பூ சாப்பிட்டா பிள்ளை சிவப்பாப் பிறக்குமா?
— வலையபட்டி வாசகி

பிறக்காது. நிறம் அப்பா, அம்மா வழியில் வருவது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். பிள்ளை கறுப்பாய்ப் பிறந்தால் என்ன குறைச்சல் தாயி?

எங்க பரம்பரையிலேயே சர்க்கரை கிடையாது. எதுக்கு மாசமா இருக்குற புள்ளைக்கு இனிப்புத் தண்ணி கொடுத்து ரத்தம் எடுக்குறாக?
— ஒரு அம்மாச்சி, மேலத்தானியம்

கர்ப்பத்தில் மட்டும் வருகிற சர்க்கரை பரம்பரையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சென்னை டாக்டர் வி. சேஷையா குழுவினர் 2000களின் நடுவில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைச் சோதித்தபோது, நகரத்தில் 17.8 சதவீதம் பேருக்கு இருந்தது. கிராமத்திலும் 9.9, அதாவது பத்தில் ஒருத்தி! 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தச் சோதனை, 140ஐத் தொட்டால் சிகிச்சை. வெறும் வயிற்றில் வர வேண்டாம் என்பதுதான் இதன் அழகு. அரை நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வருகிறவளிடம் "சாப்பிட்டுவிட்டாயா, நாளைக்கு வா" என்றால் அவள் வரமாட்டாள் என்று தெரிந்து அமைத்த முறை. தமிழக அரசு 2007லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. கவனிக்காவிட்டால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை சடாரென்று இறங்கும்.

இரும்புச்சத்து மாத்திரை போட்டா மலம் கறுப்பாப் போகுது, குமட்டுது. நிறுத்திடலாமா?
— அஞ்சு மாசம், அரசமலை

நிறுத்தாதீங்க தங்கச்சி. கறுப்பாய்ப் போவதால் கெடுதல் இல்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்துக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

அதே மாத்திரையில் இருக்கிற ஃபோலிக் அமிலத்தின் கதை நம் நாட்டில் தொடங்கியது தெரியுமா? லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928ல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பத்தில் ரத்தம் வெளுத்துச் சாவதைப் பார்த்து, காரணம் கிருமியில்லை, சாப்பாடு என்று கண்டார். ஈஸ்ட் சாறு கொடுத்தார், பிழைத்தார்கள். நம் குன்னூரிலும் வேலை பார்த்தவர் அவர். அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்குப் பின்னால் கிடைத்த பெயர்தான் ஃபோலிக் அமிலம். முதுகுத்தண்டு மூடாமல் பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கருத்தரிக்கும் முன்பே அதைக் கொடுத்தால், மறுபடி அப்படிப் பிறப்பது 72 சதவீதம் குறைகிறது என்று 1991ல் பிரிட்டன் ஆய்வு நிரூபித்தது.

அப்ப ஆராய்ச்சின்னு சொல்லி எங்க ஊர்ப் பொம்பளைகளை வச்சுப் பரிசோதனை பண்ணுறாங்களா?
— கோபத்தோடு ஒருவர், கொன்னையூர்

கோபம் நியாயம். பெண்ணின் சம்மதமில்லாமல், எதற்கென்று அவள் பாஷையில் விளக்காமல் ஒரு துளி ரத்தம்கூட எடுக்கக் கூடாது. இந்தியாவில் மருந்துச் சோதனைகளை 2009லிருந்து பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற கட்டாயம் உண்டு.

ஆனால் சோதிக்காமல் கொடுத்தவைதான் பெருங்கொலை செய்தன. கர்ப்பம் கலையாமல் இருக்க என்று டி.இ.எஸ். என்ற ஹார்மோன் மாத்திரையை அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்களுக்குக் கொடுத்தார்கள். 1953ல் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு, அதனால் பயனில்லை என்றே சொன்னது. யாரும் கேட்கவில்லை, மாத்திரை ஓடிக்கொண்டே இருந்தது. 1971ல் தெரிந்தது, அதை விழுங்கிய தாய்மாரின் மகள்களுக்கு வயது வந்ததும் அபூர்வமான புற்றுநோய். ஆகவே எந்த மாத்திரையானாலும், எந்தப் பாட்டி வைத்தியமானாலும் கேளுங்கள்: எத்தனை பெண்களிடம் பார்த்தது? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா?

இதிலெல்லாம் நம்ம புதுக்கோட்டைக்குப் பங்கு உண்டா?
— ஆசிரியை, பொன்னமராவதி

உண்டு, தலைநிமிர்ந்து சொல்லுங்கள். 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்ற எதிர்ப்பை மீறி மன்னர் கல்லூரியில் படித்து, 1912ல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். இன்று கர்ப்பிணிகளுக்குத் தவணை தவணையாகக் கிடைக்கும் 18,000 ரூபாய் உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து, அவர் பெயரில்தான் வருகிறது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வலி நேரத்துல கூட ஆள் இருந்தா என்ன லாபம்?
— தலைப்பிரசவம், செம்பூதி

நிறைய. 15,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு சொல்கிறது: தொடர்ந்து ஒருவர் பக்கத்தில் இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது. நம் அரசு மருத்துவமனைகளில் உறவுக்காரப் பெண் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். திட்டாத ஆளாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள்.

பேரன் ஒன்றரைக் கிலோதான். கண்ணாடிப் பெட்டியில வைக்காம அம்மா நெஞ்சுல கட்டிவிட்டுட்டாக. பெட்டி பத்தலையோ?
— ஒரு தாத்தா, வார்ப்பட்டு

பெட்டிப் பற்றாக்குறையில்தான் பிறந்தது அந்த முறை. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில். இப்போது பெட்டி இருந்தாலும் நெஞ்சுதான். இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021ல் வந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த பிள்ளைகளைப் பிறந்ததுமே தாயின் தோலோடு தோலாக அணைத்து வைத்தால், 28 நாளுக்குள் இறப்பவர்கள் 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தார்கள். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். தாய் அசந்தால் தகப்பன் சட்டையைக் கழற்றட்டும். தாத்தாவும் முறை எடுத்துக்கொள்ளலாம்.

பிறந்ததும் தாய்மாமன் சேனை வைக்கிறது எங்க வழக்கம். தப்பா?
— தாய்மாமன், காரையூர்

சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம் தம்பி. முதலில் போக வேண்டியது சீம்பால், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். கானாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்த ஆய்வு 2006ல் கணக்கிட்டது: எல்லாப் பிள்ளைக்கும் அந்த முதல் மணியில் தாய்ப்பால் கிடைத்தால் பச்சிளங்குழந்தைச் சாவில் 22 சதவீதத்தைத் தவிர்க்கலாம். தாய்மாமன் சீரை அரைஞாணிலும் தொட்டிலிலும் செய்யுங்கள்.

கொன்னையூர்த் திருவிழா வெயில் மண்டையைப் பிளக்குது. ரெண்டு மாசப் பிள்ளைக்கு ஒரு சங்கு தண்ணி கொடுக்கலாமா? பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணி ஆகாதுன்னு அப்பத்தா வேற சொல்லுது.
— புது அம்மா, கொன்னையூர்

பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். கேட்கும்போதெல்லாம் பால் கொடுத்தால் எந்த வெயிலுக்கும் அது போதும். தாகம் உங்களுக்குத்தான். அப்பத்தாவிடம் நான் சொன்னதாகச் சொல்லிச் செம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.