அடுப்பை அணைலே, பேராண்டி

ஏலே பேராண்டி, சனிக்கிழமை பத்து பேரைக் கூப்பிட்டிருக்கியாமே, கிராஃபிஷ் பாயில், அதான் அந்த நன்னீர்ச் சிங்கி இறாலை அண்டாவுல அவிக்கிற விருந்து, போடப் போறேன்னு? உங்கம்மை சொன்னா. சந்தோஷம். லூசியானாவுல இந்த லஃபாயெட்டுக்குப் பொழைக்க வந்தவன் கொல்லையில ஒரு தடவையாவது அண்டா ஏத்தலைன்னா அக்கம்பக்கத்துல மதிக்க மாட்டான். ஆனா நீ வாங்கி வச்சிருக்கிற சாமானைப் பாத்தேன். மூணு தினுசு கரண்டி, ஒரு மேலங்கி, அதுல உன் பேரு வேற. கிராஃபிஷ் மட்டும் இன்னும் சொல்லி வைக்கலை. பந்தல் போட்டாச்சு, இனி பொண்ணுதான் பாக்கணும்.

ஒரு சாக்கு 30 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல இருக்கும். தலைக்கு 3 பவுண்டுன்னா உன் கூட்டத்துக்குச் சரியா வரும். வாயைப் பொளக்காதே. ஓட்டையும் தலையையும் கழிச்சா 3 பவுண்டுல அரை பவுண்டு கறி தேறாது. உன் ஆபீஸ் தடியன் வாரான்னா இன்னொரு சாக்கு சொல்லிரு. நல்லவேளை, சனிக்கிழமை வச்சே. தவக்காலத்து வெள்ளியில வச்சிருந்தா இங்கத்த கத்தோலிக்கன் கிராஃபிஷை ஒரு கை பாப்பான், கூடக் கெடக்கிற சாஸேஜைத் தொட மாட்டான். சாஸேஜ் மிச்சமாகும்னு பாத்தா, நீ வெள்ளியிலயே வச்சிருக்கலாம்.

இதுக வளர்றது எங்கே தெரியுமா? நெல்லு வயல்லதான். அறுப்பு முடிஞ்சதும் தண்ணி கட்டி, கூண்டு போட்டுப் பிடிக்கான். ஊர்ல வயல் நண்டு வரப்பைத் துளைச்சிட்டுன்னு மண்வெட்டியோட விரட்டிக்கிட்டுக் கெடந்தவன் நான். இந்த ஊர்க்காரன் என்னடான்னா 1959-லயே சட்டசபையில வச்சு, இந்தப் பக்கத்து ப்ரோ பிரிட்ஜை உலகத்துக்கே கிராஃபிஷ் தலைநகரம்னு அறிவிச்சுட்டான். 1755-ல நோவா ஸ்கோஷியாவுலேருந்து இங்கிலீஷ்காரன் விரட்டியடிச்ச பிரெஞ்சுச் சனத்தோட வம்சம்லா! சேத்துல கெடந்ததை வச்சே ஊரைக் கூட்டி விருந்து வைக்கப் படிச்சிருக்கு.

சாக்கைத் தொட்டியில கொட்டி, கலங்கல் போற மட்டும் நல்ல தண்ணியில அலசு. செத்ததைப் பொறுக்கி எறி. உப்புத் தண்ணியில ஊறப்போட்டா குடல் அழுக்கைக் கக்கிரும்னு ஒருத்தன் சொல்லுவான். கக்காது. உப்புதான் வீண்.

அடுப்பு கொல்லையில, கேட்டியா? கேஸ் அடுப்பைக் கார் கொட்டகைக்குள்ள தள்ளி வச்சு வீரம் காட்டாதே. அண்டாவுல பாதிக்கு மேல தண்ணி ஊத்தாதே, சரக்கு விழுந்ததும் தண்ணி ஏறி நெருப்பை அணைச்சிரும். மசாலாப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாரு: கடுகு, கொத்தமல்லி, மிளகாய், பிரிஞ்சி இலை. உன் ஆச்சி அஞ்சறைப் பெட்டியைத்தான் உனக்கு டாலருக்கு வித்திருக்கான். எலுமிச்சை, வெங்காயம், முழுப்பூண்டு எல்லாம் தாராளமா விடு. உருளைக்கிழங்கை முதல்ல போடு, முக்கால் வேக்காடு வந்ததும் சாஸேஜ், அப்புறம் கிராஃபிஷ். மறுபடி கொதி வந்து மூணு நிமிசம். அம்புட்டுதான், அடுப்பை அணை.

இங்கதான் நீ சொதப்புவே. பொறந்ததுலேருந்து உனக்குக் காத்திருக்கத் தெரியாது, எட்டு மாசத்துலயே வந்துட்டே. இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்னு கை துறுதுறுக்கும். கொதிச்சா கறி ஓட்டோட ஒட்டிக்கிடும், உரிக்கிறவன் உன் வம்சத்தையே திட்டுவான். அணைச்ச தண்ணியில ஐஸ்ல வச்ச மக்காச்சோளத்தை அப்படியே தட்டு. சூடு இறங்கும், சோளமும் பதமாகும். மிதந்துக்கிட்டிருக்கிறதெல்லாம் மசாலாத் தண்ணியைக் குடிச்சு மெல்ல அடியில இறங்கும். இருபது நிமிசம், அரை மணி ஆகட்டும். பத்து நிமிசத்துல ஒண்ணு, அப்புறம் ஒண்ணு எடுத்து உரிச்சு ருசி பாரு. சமையல்காரனுக்கு வேற கூலி கிடையாது. அவசரப்பட்டு வெளியே கொட்டி, மேல மசாலாத் தூளைத் தூவுறவன் விரலுக்குத்தான் காரம் வைக்கான். இறால் போடுறியா? அதை இந்த ஊறல் நேரத்துல, கடைசியா. இம்புட்டு நேரம் தாங்காது.

மேசையில பழைய பேப்பரை விரிச்சு நடுவுல கொட்டு. தட்டு வேண்டாம். தலையை ஒரு கை, வாலை ஒரு கை பிடிச்சுத் திருகு. தலைக்குள்ள மஞ்சளா ஒரு நெய் இருக்கும், அதை உறிஞ்சு. வாலோட முதல் வளையத்தை உடைச்சு அடியில கிள்ளினா கறி தானா வரும். சைவக்காரப் பிள்ளை ஒருத்தி வாராளாமே, அவளுக்குத் தனிச் சட்டியில கிழங்கும் சோளமும் வேகவை. காளான் போட்டா கொஞ்சமாக் கடிக்கச் சொல்லு, அது காரம் மொத்தத்தையும் உள்ள வச்சிருக்கும்.

அப்புறம் கை. கழிவறைக்குப் போயிட்டு வந்து கழுவத்தான் எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு மட்டும் போறதுக்கு முன்னாலயே சோப்புப் போட்டுக் கழுவணும்னு ஒவ்வொருத்தன் காதுலயும் ஓது. போன வருசம் ஒருத்தன் மறந்துட்டு உள்ள போயி, துள்ளிக்கிட்டு வெளியே வந்ததை இந்தத் தெருவே பாத்துச்சு. யாருன்னு கேக்காதே, உங்கப்பன் கோவிச்சுக்கிடுவான்.