சாம்பிள் இருக்கா?

வடபழனியில் ஒரு கல்யாணம். வரவேற்பு மேசையில் சந்தனம் தொட்டுக்கொள்ளக் குனிந்த பெரியவரின் சட்டைப் பையிலிருந்து கறுப்பாக ஏதோ விழுந்து, உருண்டு, கல்கண்டுத் தட்டின் ஓரத்தில் போய் நின்றது. பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை ஒன்று அதைப் பொறுக்கி, “தாத்தா, உங்க பல்லு!” என்று நீட்டியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பல்லுதாம்மா. மொத்தம் ஆறு, மூணு போயிடுச்சு” என்று வாங்கிக் கைக்குட்டையால் துடைத்து, மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

விழுந்தது மிக்ஸியின் கப்ளர். மோட்டாரின் தலையில் உட்கார்ந்துகொண்டு ஜாரைச் சுழற்றும் ரப்பர்த் துண்டு. அவரை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெயர் சொல்லித் தேடினால் வாட்ச்மேனுக்கே தெரியாது. ‘கப்ளர் சார்’ என்றால் லிஃப்ட் வரை கொண்டுபோய் விடுவார்.

கப்ளர் சார் பொறியாளர் அல்லர். கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் பேனா பிடித்து ஓய்வு பெற்றவர். இந்த இனத்தில் பொறியாளர்கள் குறைவு என்பது என் கணிப்பு. பொறியாளராக இருந்தால் ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டு, “இது தேறாது” என்று புதுசு வாங்கிவிடுவார். தேறாததைத் தேற்றுவதற்குக் கணக்குப் பிரிவுப் பிடிவாதம் வேண்டும். நான்கு காசு உதைக்கிறது என்று மார்ச் 31-ஆம் தேதி ராத்திரி இரண்டு மணி வரை பேரேட்டைப் புரட்டிய பிடிவாதம்.

அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்த கதை இது. மூன்றாம் மாடி வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் உளுந்து அரைக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டது. அந்த அம்மா கண் கலங்கி நிற்க, இவர் போய் மிக்ஸியைக் குழந்தையைப் போலக் குப்புறக் கவிழ்த்தார். வயிற்றில் ஒரு சிவப்புப் பொத்தான். ஓவர்லோடு சுவிட்ச். பாரம் தாங்காமல் மோட்டார் சூடேறினால் அது தானாகத் துள்ளி மின்சாரத்தை நிறுத்திவிடும். கொஞ்சம் ஆறவிட்டு உள்ளே அமுக்கினால் மறுபடி ஓடும். அமுக்கினார், ஓடியது. அன்று வாங்கிய ஒரு தட்டு அதிரசமும் பேரும் அவரை இன்றுவரை விடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் எந்த மிக்ஸி நின்றாலும் முதலில் அவருக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அடுத்தவர் வீட்டு மிக்ஸி ஓடிவிடும். அவர் வீட்டு மிக்ஸி மட்டும் ஓடாது.

அது 1987-இல் மாமனார் தலைத்தீபாவளிச் சீராக வாங்கிக் கொடுத்தது. பழுப்பேறிய வெள்ளை உடம்பு. தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். “கனத்தைப் பாருங்க! முழுக்க காப்பர் வைண்டிங். இப்ப வர்றதுல அலுமினியத்தைச் சுத்தி அனுப்புறான்” என்பார். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு முறை தூக்கிப் பார்க்க வேண்டும், அது அந்த வீட்டு வழக்கம். நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன். கனம்தான்.

கப்ளர் ஏன் உடைகிறது என்று அவரிடம் கேட்டுவிடக் கூடாது. நான் கேட்டேன். காப்பி ஆறிப்போனது. மிக்ஸி மோட்டார் நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றக்கூடியது. விரளி மஞ்சளையோ காய்ந்த கொப்பரையையோ முழுசாகப் போட்டால் பிளேடு சிக்கிக்கொள்ளும். பிளேடோடு சேர்ந்து மோட்டாரும் நின்று, மின்சாரம் மட்டும் நிற்காவிட்டால் மோட்டார் எரிந்துபோகும். அதனால் நடுவில் ஒரு இளைத்தவனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தன் பல்லை உடைத்துக்கொண்டு மோட்டாரைக் காப்பான். “குடும்பத்துல ஒருத்தர் விட்டுக்கொடுக்கற மாதிரி சார்” என்றார். சமையலறையில் பாத்திரம் ஒன்று ஓசையுடன் வைக்கப்பட்டது.

உடைந்த கப்ளரைக் கழற்றியதே ஒரு தனிக் கதை. எல்லாத் திருகாணியையும் போலத்தானே என்று இடது பக்கம் திருப்பினார், அசையவில்லை. மருமகன் மிக்ஸியைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, வாட்ச்மேன் குறடு போட, மூன்று ஆண்பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுத்தார்கள். கடைசியில், குக்கர், கேஸ் ஸ்டவ், மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் என்று ஒலிபெருக்கி வைத்துத் தெருவில் போன பையனைக் கூப்பிட்டார்கள். அவன் வலது பக்கம் ஒரு தட்டுத் தட்டினான். கையோடு வந்துவிட்டது. மோட்டார் சுற்றச் சுற்ற இறுகும்படிதான் மரை போட்டிருப்பார்களாம். அந்த மோட்டாருக்கு அது தலைகீழ் மரை. காலையிலிருந்து மூன்று பேரும் அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தார்கள். பையன் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, “புதுசு வாங்கிடுங்க சார்” என்றும் சொல்லிவிட்டுப் போனான். முன்னதைவிடப் பின்னதுதான் சாருக்கு உறைத்தது.

மறுநாள் தேடல் ஆரம்பித்தது. அது நடந்து நான்கு வருஷம் ஆகிறது.

முதலில் போனது ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் அந்தத் தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் மின்னணுச் சாமான் இல்லாத சந்து கிடையாது. ஐ.சி. உண்டு, கெப்பாசிட்டர் உண்டு, எந்த லேப்டாப்புக்கும் சார்ஜர் உண்டு. கப்ளர் என்றதும் கடைக்காரர் இவரைப் பரிதாபமாகப் பார்த்து, “பாரீஸ்ல பாருங்க சார்” என்றார். பாரிமுனையில் இரண்டு நாள் அலைந்தார். அன்று ராத்திரி வீடியோ காலில் பேரனிடம், “பாரீஸ் போயும் கிடைக்கலடா” என்று சலித்துக்கொள்ள, டல்லாஸில் பிறந்த அந்தப் பிள்ளை, “ஈஃபில் டவர் பாத்தீங்களா தாத்தா?” என்று கேட்டதாம்.

எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். “சாம்பிள் இருக்கா?” அதனால்தான் அது எப்போதும் பையில் இருக்கிறது. பஸ் பாஸும் ஆதாரும் வீட்டில் மறந்து கிடக்கும், சாம்பிள் இருக்கும். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்து, மேலே பரணை நோக்கி ஏதோ ஒரு நம்பரைக் கத்துவார். தூசியோடு மூன்று கப்ளர்கள் இறங்கும். ஒன்றுக்கு ஐந்து பல், ஒன்று அரை சுற்றுப் பெரிசு. மூன்றாவது அச்சு அசலாக அதுவே, மரை மட்டும் வேறு. “அரம் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்.” இந்த ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல் அவருக்கு ஆகாது. ஆடிட்டில் கேட்டு வெறுத்துப்போன சொல்.

ஒரு கடையில் நடந்ததைச் சொல்லும்போது அவர் குரல் இன்னும் கம்மும். “கவர்ன்மென்ட் மிக்ஸி கப்ளரா இருந்தா எத்தனை வேணும்னாலும் எடுத்துக்குங்க” என்று ஒரு பையை மேசையில் கவிழ்த்தாராம் கடைக்காரர். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது; அத்தனை வீட்டுக்குப் போனதால் அதற்கு உதிரிப் பாகம் மூலைக்கு மூலை கிடைக்கிறது. “இலவசமா வந்ததுக்குக் கிடைக்குது, காசு போட்டு வாங்கினதுக்குக் கிடைக்கல” என்று அவர் புலம்பியதும், “காசு போட்டது எங்கப்பா” என்று உள்ளேயிருந்து திருத்தம் வந்தது.

அந்தம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்கு வருஷமாக அந்த வீட்டில் சட்னி நிற்கவில்லை. கப்ளர் உடைந்த ஒரு வாரத்திலேயே ஆடித் தள்ளுபடியில் புது மிக்ஸி வந்துவிட்டது. பழையது மேடையில் அதன் இடத்திலேயே, பூப்போட்ட உறைக்குள் இருக்கிறது. புதியது அலமாரியிலிருந்து வெளியே வந்து அரைத்துவிட்டு உள்ளே போய்விடும். “அது மூலவர், இது உற்சவர்” என்றார் அந்தம்மா என்னிடம். சார் வெளியே போகும் நேரமாகப் பார்த்துத்தான் உற்சவர் புறப்பாடு. இவருக்கும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். “சட்னி அம்மியில அரைச்ச மாதிரி இருக்கே” என்று மட்டும் சொல்வார்.

“உங்கப்பா வாங்கிக் கொடுத்ததாச்சேன்னுதான் பார்க்கறேன்” என்பது அவருடைய கடைசி அஸ்திரம். “எங்கப்பாவே போயிட்டாரு. மிக்ஸி போகக் கூடாதா?” இதற்கு அவரிடம் எதிர் அஸ்திரம் கிடையாது. மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

மொட்டை மாடிப் படிக்கட்டின் கீழேதான் அவருடைய கஜானா. ஹார்லிக்ஸ் பாட்டில்களில் திருகாணி, வாஷர், புஷ், கார்பன் பிரஷ், குக்கர் வெயிட், எந்தக் கதவுடையது என்று தெரியாத சாவிகள். டப்பாக்களுக்கெல்லாம் கணக்குப் பிரிவுக் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். ஒன்றில் ‘உபயோகமானவை’. இன்னொன்றில் ‘உபயோகப்படலாம்’. எல்லாவற்றிலும் பெரிய டப்பாவில் ‘உபயோகப்படாது (இருக்கட்டும்)’.

செய்தித்தாளில் ‘ரிப்பேர்’ என்ற சொல் வந்தால் கத்தரித்து வைத்துக்கொள்வார். ஐரோப்பாவில் 2021 மார்ச்சிலிருந்து வாஷிங் மெஷின் தயாரிக்கிறவர்கள், அந்த மாடலைக் கடைசியாகச் சந்தையில் விட்ட பிறகும் பத்து வருஷத்துக்கு உதிரிப் பாகம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததைப் படித்துவிட்டு, “பத்து வருஷமா? என் மிக்ஸிக்கு அது பால்குடி வயசு” என்று ஐரோப்பாவைத் தள்ளுபடி செய்தார். நம் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளம் தொடங்கியபோது மருமகனை உட்காரவைத்துத் தேடச் சொன்னார். அவருடைய மிக்ஸிக் கம்பெனியின் பெயர் அதில் இல்லை. கம்பெனியே இல்லை, பெயர் எப்படி இருக்கும்?

அவருக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு, மாதம் ஒரு தடவையாவது சொல்வார். பம்பாயில் எஸ்.பி. மாத்தூர் என்கிற பொறியாளர் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்ஸி. இட்லிக்கும் மசாலாவுக்கும் அது பழகாததால் மோட்டார் எரிந்துபோனது. இங்கே சரிசெய்ய ஆளில்லை. அவர் நம் ஊர் அரைப்புக்குத் தாங்குகிற மோட்டாரைத் தாமே வடிவமைத்தார். 1960-களில் சுமீத் மிக்ஸி வந்தது அப்படித்தான். “பார்த்தீங்களா? ரிப்பேர் பண்ண முடியாததாலதான் நம்ம நாட்டுக்கு மிக்ஸியே வந்தது!” என்று முடிப்பார். முடித்த கையோடு அந்தம்மா, “அவர் பொண்டாட்டிக்கு ஒண்ணு செஞ்சு கொடுத்தாரு. நீங்க தேடிக்கிட்டே இருக்கீங்க” என்பார். மாதம் ஒரு தடவை கதை, மாதம் ஒரு தடவை பதில். இரண்டு பேருமே அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் அழைப்பு மணி. திறந்தால் கப்ளர் சார், சட்டையெல்லாம் துரு, முகமெல்லாம் பல். ஆதம்பாக்கத்தில் ஒரு காயலான் கடை. பழைய டேபிள் ஃபேன்களுக்கு அடியில் அதே கம்பெனி, அதே மாடல், அதே பழுப்பு. கடைக்காரர் இருநூறு கேட்க, நூற்றைம்பதுக்கு முடித்து, ஆட்டோவுக்கு இருநூற்று எண்பது கொடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். “முழு பாடி சார்! ஸ்பேர் தேடற வேலையே முடிஞ்சுது.”

கூடத்தில் செய்தித்தாள் விரித்து அதை மேலே வைத்தோம். வாட்ச்மேன் வந்தார், மூன்றாம் மாடி அம்மா வந்தார். வயர் நன்றாக இருந்தது. சுவிட்ச் டக் டக்கென்று திரும்பியது. கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் மிச்சம். பிளக்கைச் செருகினார், மோட்டார் அப்படியொரு கம்பீரமாக உறுமியது. அணைத்துவிட்டு, மேலே மண்டியிருந்த ஒட்டடையைத் துணியால் துடைத்தார். துணி நின்றது.

கப்ளரில் ஆறு பல்லுக்கு இரண்டுதான் இருந்தது.

யாரும் பேசவில்லை. யோசித்தால் வேறெப்படி இருக்கும்? இன்னொரு வீட்டிலும் யாரோ விரளி மஞ்சளை முழுசாகப் போட்டிருக்கிறார்கள், இன்னொருவரும் பாரீஸ் வரை போய் அலைந்திருக்கிறார், அவர் வீட்டில் பொறுமை சீக்கிரம் தீர்ந்திருக்கிறது.

சார் கப்ளரை வலது பக்கம் தட்டினார். ஒரே தட்டு, கையோடு வந்தது. சட்டைப் பையிலிருந்த பழையதை எடுத்து இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தம்மா உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். கூடத்து நடுவில் இருந்த இரண்டாவது மூலவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“ரெண்டா கேளுங்க. விலை குறைச்சுத் தருவான்.”